மாடிக்கு ஏறிய வைஃபை இறங்க மறுத்தபோது: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா?

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் அவனுடைய தொழிற்கூடம். சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்தின் முழு வீடியோ 38 ஜிபி வந்தது. பெண் வீட்டார் சிங்கப்பூரில் இருப்பவர்கள். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு ஏற்றத் தொடங்கிவிட்டுப் படுத்தவன், காலை ஆறு மணிக்குக் காபிக்கு இறங்கி வந்தபோது முகம் வாடியிருந்தது. எட்டு மணி நேரத்தில் நாற்பது விழுக்காடுகூட ஏறவில்லை.

"வைஃபை குறி முழுதாகத்தான் நிற்கிறது. யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. அப்புறம் இது மட்டும் ஏன் அண்ணே நகர மாட்டேன் என்கிறது?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே நாங்கள் ஏற்கெனவே 1,800 ரூபாய்க்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது அந்தப் பக்கத்துப் பெண், இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். கடைக்காரர் ஆறு கொம்பு (ஆன்டெனா) வைத்த ரூட்டரைக் காட்டினார். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நோய் என்னவென்று யாரும் கேட்கவில்லை, நாங்கள் உட்பட.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுதைச் செலவழித்து அளந்து பார்த்தோம். எங்கள் திட்டம் பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டுக்கும் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். மடிக்கணினியை ஃபைபர் மோடத்தில் (எங்கள் வீட்டில் ரூட்டரும் அதுவே) நேராகக் கம்பியால் செருகியபோது இரண்டு பக்கமும் 94 வந்தது. கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதே கூடத்தில் மோடத்துக்குப் பத்தடி தள்ளி, அது பேசும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்த்தால், அங்கும் தொண்ணூறை ஒட்டியே வந்தது. எக்ஸ்டெண்டரை அணைத்துவிட்டு மாடியறையில் தம்பியின் மேசையில், அவன் வழக்கமாகப் பிடிக்கும் மற்றொரு அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பார்த்தால் பதிவிறக்கம் 41, பதிவேற்றம் 4.

இந்த மூன்று அளவுகளில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. கம்பியில் செருகியே பதிவேற்றம் குறைவாக வந்தால் குற்றம் வெளியே இருக்கிறது. ரூட்டரைக் கழுவி ஊற்றினாலும் பயனில்லை. கம்பியில் சரியாக வந்து, மாடியில் மட்டும் விழுந்தால் வீட்டுக்குள்தான் சிக்கல். பெரிய திட்டம் வாங்கினால் மாதாமாதம் பணம் போகும், மாடிக்கு அந்த 4 அப்படியே இருக்கும். 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை மெகாபைட். எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் கிடைக்கும். அந்தக் கணக்கில் 38 ஜிபிக்கு 21 மணி நேரம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இறக்கத்தில் 41 வரும் இடத்தில் ஏற்றத்தில் 4 ஏன்? கோயில் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஊர்க்கோடி வரை கேட்கும். ஊர்க்கோடியில் நிற்கிறவர் அங்கிருந்தே பதில் சொன்னால் கோயிலுக்குக் கேட்குமா? சுவரில் செருகிய மின்சாரத்தில் ஓடும் ரூட்டர் உரக்கப் பேசும். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டிய செல்பேசியும் மடிக்கணினியும் தணிந்த குரலில்தான் பேசும். திரையில் நீங்கள் பார்க்கும் வைஃபை குறி, ரூட்டரின் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. உங்கள் குரல் ரூட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்பதைக் காட்டும் குறி உங்கள் திரையில் கிடையாது. குரல் தேய்ந்துபோனால் கருவி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரமெல்லாம் காற்றில் மற்றவர்களுக்கு இடமில்லை. தம்பி மேலே வீடியோ ஏற்றும்போது கீழே அம்மாவின் தொடர் நின்று நின்று ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பெட்டிகள் தாமாகவே கழிந்துவிடும். நாம் தேடுவது உரக்கப் பேசும் பெட்டியை அல்ல, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பெட்டியை.

செலவில்லாதவை முதலில்

தம்பியின் மேசையைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. மடிக்கணினியின் இடப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். வீடியோ முழுவதும் அதில்தான் இருக்கிறது, அதிலிருந்தே ஏற்றுகிறான். யுஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காதருகே மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு போனில் பேசுவதுபோல. எதிர்முனை "கேட்டது" என்று சொல்வதே கேட்காமல், கருவி சொன்னதையே மறுபடி சொல்லிக்கொண்டிருக்கும். கோப்பை உள் வட்டுக்கு நகலெடுத்துவிட்டு ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கினோம். 4 என்றிருந்தது 9 ஆனது. ஒரு காசு செலவில்லை. டிஸ்க்கைப் பிடுங்க முடியாதவர்கள் நீளமான கேபிளில் ஓரடி தள்ளி வைத்தாலும் கொஞ்சம் பலன் உண்டு. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது மோடம் இருந்த இடம். ஃபைபர் மாட்ட வந்த ஊழியர் வாசலுக்கு மிகக் கிட்டத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அது வசதி. அதற்கும் மாடிக்கும் நடுவே ஓர் இரும்பு பீரோ, ஒரு செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இரும்பு, கான்கிரீட், தண்ணீர் மூன்றுமே வைஃபைக்கு ஆகாதவை. (மீன் தொட்டிக்குப் பின்னால் ரூட்டரை மறைத்து வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.) ஃபைபரில் சுருட்டி வைத்திருந்த உபரி நீளம் இருந்ததால் மோடத்தைப் படிக்கட்டுக்குக் கீழே, ஆளுயரத்தில் மாற்றினோம். மாடிக்குப் போகும் வழியில் கான்கிரீட் இல்லாத ஒரே இடம் படிக்கட்டுத் திறப்புதான். அலையும் அதே வழியில் ஏறும். ஃபைபரை மட்டும் முறுக்காமல், கூர்மையாக மடிக்காமல் பெரிய வளைவாகக் கொண்டுபோக வேண்டும். மடிந்தால் உள்ளே ஒளி கசிந்துவிடும்.

இப்போது மாடியில் பதிவேற்றம் 2.4இல் 14, 5 ஜிகாஹெர்ட்ஸில் 26. முன்பு மாடியில் 5 பிடிக்கவே இல்லை, இப்போது அதுதான் மேல். சுவர்களைத் தாண்டுவதில் 2.4 கெட்டி என்றாலும் அங்கே நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. எங்கள் தெருவில் பதினேழு வீட்டு வைஃபை தெரிந்தது. 5இல் இடம் தாராளம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கருவி பெரும்பாலும் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அளந்து முடிக்கும் வரையிலாவது தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, வீட்டில் வேறு யாரெல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. செல்பேசிகள் சார்ஜரில் செருகியதும் புகைப்படங்களை மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) அனுப்பத் தொடங்கும். மேகத்தில் சேமிக்கும் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதுவும் நாள் முழுவதும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பதிவேற்றம் முழுக்க நிரம்பிவிட்டால் பதிவிறக்கமும் படுத்துவிடும். இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் "கிடைத்தது" என்ற சிறு ஒப்புகை மேலே போக வேண்டும், அது வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்ளும். ஏற்றும் மென்பொருளிலேயே வேக வரம்பு போடும் வசதி இருந்தால், கிடைக்கும் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்தினால் மற்றவர்களுக்கும் மூச்சு கிடைக்கும்.

வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளுக்குக் காணொளி வழியே பாடம் எடுப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு காணொளி அழைப்புக்கு 3 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் தாராளம். எங்களுக்குப் போதவில்லை. 26இல் 38 ஜிபி ஏற மூன்றேகால் மணி நேரம் ஆகும். முகூர்த்த மாதத்தில் தம்பிக்கு வாரம் இரண்டு கல்யாணம்.

பணம் கொடுத்து வாங்குபவை

எக்ஸ்டெண்டரில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பலரும் செய்கிற தவறுதான். வைஃபை எங்கே கிடைக்கவில்லையோ அங்கே, அதாவது தம்பியின் அறையிலேயே அதை மாட்டியிருந்தோம். அறைக்குள் குறி பளிச்சென்று காட்டியது. கீழேயிருந்து எக்ஸ்டெண்டருக்கு வருவதே தேய்ந்த அலை. அதை எடுத்துப் பளிச்சென்று தம்பிக்குக் கொடுத்தது. ஏற்றம் 6. அதைக் கழற்றிப் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டியபோது 19 ஆனது. அதற்கு மேல் போகாததற்கும் காரணம் உண்டு. விலை குறைந்த எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆனாலும் பதிவேற்றத்துக்கு அது அறவே பயனற்றது என்று சொல்ல மாட்டேன். செல்பேசியின் மெல்லிய குரலைப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டு தன் கனத்த குரலில் கீழே சொல்வதால், 2 வந்த இடத்தில் 10 வரும். புகைப்படம் அனுப்பும் வீட்டுக்கு அது போதும்.

மெஷ் என்பது கொஞ்சம் படித்த எக்ஸ்டெண்டர். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, நடமாடும் கருவியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒப்படைக்கும். நாங்கள் விசாரித்தபோது ஐயாயிரம், ஆறாயிரத்தில் தொடங்கி எங்கெங்கோ போனது விலை. சென்னையில் என் நண்பர் ஒருவரின் மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் அது அழகாக ஓடுகிறது. வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், எல்லா அறைகளும் ஒரே தளத்தில், கதவுகள் திறந்தே கிடக்கின்றன. மெஷ்ஷுக்கென்றே கட்டிய வீடு. எங்கள் வீட்டில் கீழ்ப் பெட்டியும் மேல் பெட்டியும் பேசிக்கொள்ள அதே கான்கிரீட் தளத்தைத் தாண்டியாக வேண்டும். பெட்டிகள் தமக்குள் பேச மூன்றாவது ரேடியோவைத் தனியே ஒதுக்கும் விலை உயர்ந்த மாதிரிகளில் எக்ஸ்டெண்டரின் பாதி நஷ்டம் இல்லை. தளம் தின்பது தின்றதுதான். பெட்டிகளுக்கு நடுவே கம்பி இழுத்தால் மெஷ் பிரமாதம் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். கம்பி இழுப்பதென்று ஆகிவிட்டால் மெஷ் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஆறு கொம்பு ரூட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆன்டெனா, பேசுவதற்குப் போலவே கேட்பதற்கும் உதவும். அந்த அளவுக்கு லாபம். ஆனால் தம்பியின் மடிக்கணினியின் குரலை எந்த ரூட்டராலும் உயர்த்த முடியாது. வைஃபை 6 (ஆறாம் தலைமுறை வைஃபை) ரூட்டருக்கு மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது: பல கருவிகள் ஒரே நேரத்தில் மேலே அனுப்பும்போது ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அதில்தான் வந்தது; வைஃபை 5இல் ஏற்றத்துக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. கருவிகளும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் பத்துப் பதினைந்து புதிய கருவிகள் இருந்தால் யோசிக்கலாம். மாடியறையில் ஒரே ஒரு மடிக்கணினி என்றால் வேண்டாம்.

மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களும் உண்டு. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் மாடி வேறு ஃபேஸில் இருக்கலாம், நடுவே இன்வெர்ட்டர் இருக்கலாம்; அங்கெல்லாம் வேகம் தேய்ந்துவிடும். நம் வீடுகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேபிள்

எங்கள் வீட்டில் ஜெயித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணக்கு மிக எளிது: படிக்கட்டின் கீழிருந்து மாடியறை வரை 22 மீட்டர். கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் மீட்டர் 25 ரூபாய், ஆக 550. கனெக்டர்கள், எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 1,500ஐத் தொடவில்லை. மேலே வைக்கப் பரணில் கிடந்த பழைய ரூட்டர். எக்ஸ்டெண்டருக்குக் கொடுத்த 1,800ஐவிடக் குறைவு. 100 மீட்டர் வரை இந்தக் கேபிளில் ஒரு கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகம் குறையாமல் போகும். இரு திசையிலும் ஒரே நேரத்தில் போகும். வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இங்கே அது கிடையாது.

கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை. உள்ளிருக்கும் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை மலிவு, வளைத்தால் ஒடியும். உள்வரை செம்பாக இருப்பதை வாங்க வேண்டும். பழைய டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் விட்ட குழாய் எங்களுக்குக் கைகொடுத்தது. மின்சார ஒயர் போகும் குழாயில் இதை நுழைக்கக் கூடாது. அது பாதுகாப்புக்கும் கேடு, வேகத்துக்கும் கேடு.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் டிவி குழாயில் எஃகுக் கம்பி விட்டு அரை மணி நேரத்தில் இழுத்துவிட்டார். கனெக்டர் அடிப்பதில்தான் சிக்கியது. எட்டு இழைகளை ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க அழகாக அடுக்கி அடித்துவிட்டார். இரண்டு முனையிலும் அதே வரிசை. சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "பாருங்கள் தம்பி, எல்லாம் சரி," என்றார். செருகிப் பார்த்தால் வேகம் 20, 60, 8 என்று ஆடியது.

தவறு அந்த அழகில்தான் இருந்தது. ஒவ்வொரு ஜோடியும் முறுக்கிக்கொண்டு போவது இரைச்சலை அடக்கத்தான். கனெக்டரின் எட்டுப் பின்களில் 3ஆம் எண்ணும் 6ஆம் எண்ணும் ஒரு ஜோடி. நடுவில் 4, 5 இன்னொரு ஜோடி. ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தினால் 3இல் வெள்ளை-பச்சை உட்கார, 6இல் அதன் துணையான பச்சைக்குப் பதில் நீலம் போய் உட்கார்ந்துவிடும். மின் தொடர்பு இருக்கும், ஆகவே விளக்கு எரியும். முறுக்கின் பயன் போய்விடும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். இரண்டு முனைகளையும் வெட்டி மறுபடி அடித்தார். கேமரா மாட்டுகிற சிலர் நான்கு இழைகளை மட்டும் அடித்துவிட்டுப் போவதும் உண்டு; அதில் 100க்கு மேல் போகாது, கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

மேலே வைத்த பழைய ரூட்டரில் மூன்று வேலைகள். கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்தோம், வீட்டில் முகவரி வழங்குவது கீழே இருக்கும் மோடம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்கு மோடத்தோடு மோதாத ஒரு முகவரி கொடுத்தோம். கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணைப்புக்கான அதன் WAN துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான LAN துளைகளில் ஒன்றில் செருகினோம். வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதே; சேனல் மட்டும் வேறு. தம்பியின் மடிக்கணினிக்கு நேரடிக் கம்பி, செல்பேசிகளுக்கு அந்த ரூட்டரின் வைஃபை. கம்பியில் ஏற்றம் 93, மாடியறைக்குள் வைஃபையில் 80க்கு மேல்.

எந்த வழியும் உதவாத வீடுகள்

கம்பியில் செருகியே ஏற்றம் குறைவாக வரும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5ஜி அலைவழி வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது வழக்கம். அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். மக்கள் பார்ப்பதே அதிகம் என்பதால் பெரும்பங்கு நேரம் இறக்கத்துக்குப் போகிறது. வீட்டுக்குள் தங்கத்தில் கம்பி இழுத்தாலும் அந்தப் பங்கு மாறாது. அவர்களுக்கு ஃபைபர் கிடைக்கிற தெருவாக இருந்தால் மாறுவதுதான் வழி. ஃபைபரிலும் சில திட்டங்களில் ஏற்றம் இறக்கத்தைவிடக் குறைவு, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இறக்கம் மட்டுமே. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பைத் தாண்டியதும் இரண்டையும் குறைத்துவிடும் திட்டங்கள் உண்டு, அந்த வரம்பில் ஏற்றுவதும் பெரும்பாலும் கணக்காகும். மாதக் கடைசியில் மட்டும் மெதுவாகிறது என்றால் அங்கே பாருங்கள். வாடிக்கையாளர் சேவை சொன்ன பெரிய திட்டம் இந்த வீடுகளில் சிலவற்றுக்குச் சரியான மருந்துதான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைக் கம்பியில் இருக்கும் ஒரு கணினியிலும் வைஃபையில் இருக்கும் இன்னொன்றிலும் ஓட்டினால், இணையத்தையே தொடாமல் வீட்டுக்குள் ஓடும் வேகத்தை இரு திசையிலும் தனித்தனியாகக் காட்டும். அதில் ஏற்றம் நன்றாக வந்து, இணைய வேகச் சோதனையில் மட்டும் விழுந்தால் நிறுவனத்தைப் பிடித்துக் கேட்கலாம். அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு கேட்டால், "ரூட்டரை அணைத்துப் போடுங்கள் சார்" என்ற முதல் பதிலைத் தாண்டிப் போக முடிகிறது.

தம்பி அடுத்த கல்யாணத்தின் 38 ஜிபியை, ஏறக்குறைய அதே அளவுதான், காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஏற்றத் தொடங்கினான். ஒரு மணி நேரம் ஆவதற்குள் முடிந்தது. வீட்டில் சும்மா கிடந்த எக்ஸ்டெண்டர் இப்போது அடுத்த வீட்டு அத்தையின் கூடத்தில், அடுக்களைக்குப் போகும் வழியில் இருக்கிறது. துபாயிலிருக்கும் பேரனுக்கு அடுக்களையில் நின்றபடியே வாட்ஸ்ஆப்பில் முகம் காட்டுவதுதான் அவருடைய பதிவேற்றம் முழுவதும். அதற்கு அது மிக நன்றாகவே வேலை செய்கிறது.